ஆடு மேய்ந்த மூன்றாவது பக்கம்

என் கணவர் ரஷீதுக்கு எல்லாம் தெரியும். வாயை எப்போது மூட வேண்டும் என்பது மட்டும் தெரியாது. பொன்னேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறார். காலையில் பழவேற்காட்டிலிருந்து பஸ் ஏறிப் போனால், சாயங்காலம் சட்டைக் கையெல்லாம் சாக்பீஸ் தூளோடு வந்து இறங்குவார். வகுப்பில் பிள்ளைகள் வாய் திறக்காமல் கேட்கிறார்கள் என்பதால் ஊரும் அப்படியே கேட்கும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

அந்த நம்பிக்கையால்தான் அவருக்கும் அவருடைய அண்ணன் அப்துல் வஹாபுக்கும் பேச்சு வார்த்தை நின்று போயிருந்தது. அண்ணனுக்குக் கருவாட்டு வியாபாரம். பஜார் தெருவில் சொந்தமாக ஒரு கிடங்கு கட்டி, துஆ ஓதி, ஊரைக் கூட்டி பிரியாணி போட்டார். எல்லோரும் தட்டும் கையுமாக இருந்த நேரத்தில், கரும்பலகையில் கோணம் போடுகிற பெரிய மரப் பாகைமானியை என் வீட்டுக்காரர் பையிலிருந்து எடுத்தார். விருந்துக்கு அதை எதற்குக் கொண்டு வந்தார் என்பது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். பக்கச் சுவரும் பின் சுவரும் சேருகிற மூலையில் வைத்துப் பார்த்துவிட்டு, வகுப்பில் விடை சொல்வது போலச் சொன்னார்.

"தொண்ணூறு இல்லண்ணே. எண்பத்தேழு."

"என் செவுரு கோணலான்னு கேக்கறியா?"

"கோணல்னு சொல்லல. மூணு டிகிரி கம்மி."

அன்றைக்குப் பாதி பிரியாணியில் எழுந்து வந்தோம். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஊர்க்காரர்களுக்கு வாய் சும்மா இருக்குமா? கிடங்குக்கு 'எண்பத்தேழு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஷேர் ஆட்டோக்காரன்கூட "எண்பத்தேழாண்ட எறங்கறவங்க எறங்கு" என்றுதான் கூவினான். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் மூத்தவர் கல்லாவில் உட்கார்ந்தபடி பல்லைக் கடிப்பார். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் பாகைமானியை அன்றைக்கே அடுப்பில் வைத்திருப்பேன்.

எனக்கும், அக்கா முறைக்கு நான் லாத்தா என்று கூப்பிடுகிற அவர் மனைவி ஜுவைரியாவுக்கும் ஒரு சண்டையும் கிடையாது. இரண்டு வீட்டுக்கும் பின்பக்கம் ஒரே மதில். நான் சுட்ட சமோசா அந்தப் பக்கம் போகும், அவள் சுட்ட கறி அடை இந்தப் பக்கம் வரும். ஆண்கள் முறைத்துக்கொண்டால் பெண்களும் முறைக்க வேண்டும் என்று எந்தக் கிதாபிலும் எழுதியிருக்கவில்லை.

சமோசா என்றேன் அல்லவா, கதையே அதுதான். சமையலறை ஜன்னல் வழியாகப் பல வருஷமாக நான் சமோசா விற்றுக்கொண்டிருந்தேன். வாங்க வருகிறவர்கள் சந்தில் சாக்கடை ஓரமாக நின்று, ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு வாங்கிப் போவார்கள். ஜெயிலுக்குச் சோறு கொடுக்கிற மாதிரி இருக்கும். ஒரே ஒரு தடவையாவது திறந்த இடத்தில், நல்ல மேசை போட்டு, என் பெயர் எழுதிய பலகைக்குக் கீழே நின்று விற்க வேண்டும் என்று எனக்கு ஆசை. பலகையைக்கூட எழுதி வாங்கியாயிற்று. 'சாயிரா சமோசா' என்று பச்சையில் எழுதி, கட்டிலுக்கு அடியில் துணி சுற்றி வைத்திருந்தேன். வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் அதை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி வைப்பேன்.

இடம் என்று பார்த்தால் ஊரில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. பஜார் தெருவும் பள்ளிவாசல் சந்தும் பிரிகிற இடத்தில், எண்பத்தேழின் பக்கச் சுவரை ஒட்டி, ஜமாஅத்துக்குச் சொந்தமான முக்கோணத் துண்டு. ரமலான் மாதம் முழுக்க நோன்பு திறக்கிற பண்டம் விற்க அதை ஒருவருக்குக் கொடுப்பார்கள். அதற்கு ஒரு நிபந்தனை. பிறை பார்க்கிற அன்று, பொழுது சாய்ந்ததும் சொல்கிற மஃரிப் பாங்குக்கு முன்னால் முழு இடத்துக்கும் கூரை நிற்க வேண்டும். முன்பு ஒருவர் பாதிக்கு மட்டும் கூரை போட்டுக் கடை வைத்தார். மழை வந்து, வரிசையின் வாலில் நின்றவர்கள் கையிலிருந்த நோன்புக் கஞ்சித் தூக்கெல்லாம் நிரம்பிவிட்டது. வாங்கியது அரைத் தூக்கு, வீட்டுக்குப் போனது முழுத் தூக்கு, உப்பு மட்டும் இல்லை. அன்றிலிருந்து ஜமாஅத் செயலாளர் அஃப்தாப் பாய் கூரை விஷயத்தில் யாருக்கும் இரங்குவதில்லை.

அந்த வருஷம் ரமலான் ஐப்பசியில் வந்தது. அடைமழைக் காலம். இடத்தைக் கேட்டவர்கள் இரண்டே பேர். நான் சமோசாவுக்குக் கேட்டேன், அப்துல் வஹாப் ஐஸ் பெட்டி அடுக்கக் கேட்டார். நான் முதலில் கேட்டதால் முதல் வாய்ப்பு எனக்கு. கூரை நிற்காவிட்டால் இடம் அவருக்கு என்று அஃப்தாப் பாய் சொல்லிவிட்டார். அதற்கு அப்புறம் அந்த இடத்தில் ஐஸ் பெட்டி ஏறினால், நான் கிழவியாகும் வரை இறங்காது என்று எனக்குத் தெரியும்.

"கூரைய என்கிட்ட வுடு" என்றார் என் வீட்டுக்காரர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப்பும் பாகைமானியும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். நானும் கூடப் போனேன். பஜார் தெருப் பக்கத்தை அளந்தார், இருபது அடி. சந்துப் பக்கத்தை அளந்தார், பன்னிரண்டு அடி. அந்தப் பன்னிரண்டு அடியைக்கூட ஓடி ஓடித்தான் அளந்தார். காரணம் சுல்தான்.

சுல்தான் என்பது மூத்தவர் வீட்டுக் கிடா. குர்பானிக்கென்று குட்டியாக வாங்கி வந்து, ஜுவைரியா லாத்தாவுக்குப் பாசம் வந்துவிட்டதால் மாடு போல வளர்ந்து நிற்கிற பிராணி. தெருவும் சந்தும் பிரிகிற மூலையில் இருந்த விளக்குக் கம்பத்தில் அதைக் கட்டி, சந்துக் கடைசி வரை போய் வருகிற அளவுக்குக் கயிறு விட்டிருந்தார் மூத்தவர். ஊரில் யாரையும் அது முட்டாது. ரஷீதைக் கண்டால் மட்டும் தலையைத் தாழ்த்தும். வளர்த்தவரின் மனசு அறிந்த ஜீவன்.

"செவுத்துப் பக்கம் அளக்கலையா?" என்று கேட்டேன்.

"அவரு செவுத்துல நான் டேப்பு வெக்க மாட்டேன். என் தலையே போனாலும் வெக்க மாட்டேன்."

"சரி, கம்பத்து மூலைக்கு அந்தக் கட்டைய வெச்சிப் பாக்கலாமில்ல?"

"அங்க கிடா கீது."

"கிடாவுக்கு பயந்துகினா வுட்டுட்ட?"

"பயம் இன்னாத்துக்கு? தேவையில்ல. கோணம்னா எந்த மூலையில இருந்தாலும் கோணம்தான்."

சொல்லிவிட்டு, பஜார் தெருவும் அண்ணன் சுவரும் சேருகிற கூர்மூலைக்குப் போனார். தெருவில் நின்றபடியே, சுவரில் படாமல் ஒரு விரற்கடை தள்ளிப் பாகைமானியைப் பிடித்துப் பார்த்தார். முப்பது டிகிரி. அளவு வேலை முடிந்தது என்று டேப்பைச் சுருட்டிவிட்டார்.

அங்கிருந்து நேராக எஸ்.டி.டி. பூத். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வெளியே தானியேல் என்பவர் இரும்புப் பட்டறை வைத்திருந்தார். குழாய்ச் சட்டத்தில் தகரம் அடித்து, ஒரே துண்டாகக் கூரை செய்து கொடுப்பார். கொண்டு வந்து மூன்று கம்பத்தில் உட்கார வைத்தால் வேலை தீர்ந்தது. என் வீட்டுக்காரர் போனில் பேசினால் பூத்துக்கு வெளியே நிற்கிறவர்களுக்கும் கேட்கும்.

"தானியேலு, ஒரு பக்கம் இருபது அடி. ஒரு பக்கம் பன்னெண்டு அடி. இருபது அடியோட ஒரு முனையில முப்பது டிகிரி. அந்த முப்பதுக்கு எதிர்லதான் பன்னெண்டு அடிப் பக்கம் வருது. புரிஞ்சிதா?"

"சார், மூணாவது பக்கம் எத்தினி அடி?" தானியேலுக்கும் நல்ல தொண்டை.

"அது வாணாம். ரெண்டு பக்கம், ஒரு கோணம் தெரிஞ்சா முக்கோணம் ஒண்ணுதான் வரும். இங்க கீறதும் நீ பண்றதும் சர்வசமம். பக்கம், கோணம், பக்கம். மூணாவது பக்கம் தானா வந்து உக்காரும்."

"நீங்க வாத்தியாரு, சொன்னா சரிதான் சார்" என்றார் தானியேல். இந்த ஊரில் எல்லாக் கேடும் அந்த ஒரு வாக்கியத்தில்தான் ஆரம்பிக்கிறது.

பிறை பார்க்கிற நாளும் வந்தது. மசாலா வதக்கி, மாவு பிசைந்து, மெல்லிசாகத் தேய்த்து ஈரத்துணி போட்டு வைத்திருந்தேன். ருசி பார்க்க ஒரு தட்டு சமோசா சுட்டு, அதையும் எடுத்துக்கொண்டு இடத்துக்குப் போனேன். மூன்று மூலையிலும் சவுக்குக் கம்பம் நட்டு, கடை மேசையும் கொண்டு வந்து போட்டாயிற்று. சுவரில் படாமல் நட்டிருந்தார் என் வீட்டுக்காரர், அவ்வளவு ரோஷம். வானம் கரேலென்று இருந்தது. சாயங்கால அசர் தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வருகிற நேரத்தில் தானியேலே மினி லாரியில் கூரையைக் கொண்டு வந்து சேர்ந்தார்.

நாலு பேர் சேர்ந்து தூக்கினார்கள். கூர்மூலைக் கம்பத்தில் ஒரு முனை உட்கார்ந்தது. இருபது அடிப் பக்கம் தெருவோடு நூல் பிடித்த மாதிரி வந்தது. விளக்குக் கம்ப மூலையில் அடுத்த முனை உட்கார்ந்தது. எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. மூன்றாவது முனையைப் பார்த்ததும் கலங்கிய கண் அப்படியே நின்றுவிட்டது.

மூன்றாவது கம்பம் சந்துக் கடைசியில் நின்றது. கூரையின் மூன்றாவது முனை அதற்கு எங்கேயோ முன்னால், சுவர் ஓரத்தில் பாதி வழியில், எதன் மேலும் படாமல் அந்தரத்தில் நின்றது. கூரைக்கும் சந்துக்கும் நடுவில் ஒரு கல்யாணப் பந்தியே போடலாம், அத்தனை பெரிய வானம் தெரிந்தது. கை விட்டால் விழுந்துவிடும் என்பதால் என் வீட்டுக்காரர் ஒரு மூங்கிலை முட்டுக் கொடுத்துத் தோளில் தாங்கிக்கொண்டார். மூன்றாவது தூண் அவர்தான் என்று ஆயிற்று.

"தானியேலு, இன்னாய்யா இது?" என்றார் தூண். "பெரிய கோணத்துக்கு எதிர்லதான் பெரிய பக்கம் வரும். இங்க கீற மூணு மூலையில கம்பத்து மூலைதான் அகலமான மூலை. அதுக்கு எதிர்ல கீற செவுத்துப் பக்கம்தான் எல்லாத்தையும் வுட நீளமா வரணும். நீ அதப் போயி இருக்கறதுலயே குட்டையா பண்ணிகினு வந்து கீறியே."

"கம்பத்து மூலையப் பத்தி நீங்க ஒண்ணும் சொல்லலயே சார்."

"நான் சொன்ன அளவுல பண்ணியா இல்லயா?"

தானியேல் டேப்பை எடுத்துக் கூரையை அளந்து காட்டினார். தெருப் பக்கம் இருபது அடி. கம்பத்திலிருந்து அந்தர முனை வரை பன்னிரண்டு அடி. பாகைமானியை வாங்கிக் கூர்மூலையில் வைத்தார், முப்பது. அப்புறம் இடத்தை அளந்தார். தெரு இருபது, சந்து பன்னிரண்டு, மூலை முப்பது. கூரையும் சரி, இடமும் சரி, போனில் சொன்னதும் சரி. யாராவது ஒருவர் தப்பாக இருந்தால் அவரைத் திட்டிவிட்டு ஆறலாம். எல்லோரும் சரியாக இருந்தால் மனுஷி யாரைத் திட்டுவது?

குடையும் கையுமாக அஃப்தாப் பாய் வந்து நின்றார். கூரையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார்.

"சாயிராம்மா, அரைக் கூரை கூரை ஆவாது. பாங்கு சொல்றதுக்குள்ள முழுசா மூடிடு. இல்லன்னா எடம் வஹாப் பாய்க்கு."

வஹாப் பாய் கிடங்கு வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்கக் கஷ்டப்படுவது மட்டும் தெரிந்தது.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "செவுத்த ஒரு தபா அளந்திருந்தா இந்தப் பேஜாரு உண்டாய்யா? உன் ரோஷத்துக்கு என் கடைதான் கெடச்சிதா?" என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டேன். வேறு நாளாக இருந்தால் பதில் சொல்லியிருப்பார். தோளில் கூரையும் எதிரே கிடாவும் இருந்ததால் அவர் என் பக்கம் திரும்பக்கூட முடியவில்லை. அவர் கண் பார்க்கிற திசையில் சுல்தான் மட்டும்தான் இருந்தது.

சுல்தானுக்கோ ஊர்ப் பஞ்சாயத்தில் நாட்டமில்லை. சுவரில் ஒட்டியிருந்த சர்க்கஸ் விளம்பரத்தைத் தின்பதில் மும்முரமாக இருந்தது. பசைக்காகவே அது காகிதம் தின்னும். கூரை முனை தொங்குகிற இடத்துக்குக் கீழே போய், கயிறு விறைக்க விறைக்க இழுத்து, கடைசி எட்டில் இருந்த யானைப் படத்தின் வாலைக் கடித்தது. அதற்கு மேல் கயிறு விடவில்லை. திரும்பிச் சுவர் ஓரமாகவே நடந்தது. நடக்க நடக்கக் கயிறு தொய்ந்து தரையில் இழுபட்டது. அப்புறம் மெல்ல மெல்ல இறுகி, சந்துக் கடைசிக் கம்பத்துக்கிட்டே போனதும் மறுபடி விறைத்து நின்றது.

என் வீட்டுக்காரரின் கண் கயிற்றோடு போய்த் திரும்பியது.

"சாயிரா" என்றார் தாழ்ந்த குரலில். "கயிறப் பாரு."

"கயிறு கெடக்கட்டும். கூரைக்கு வழி சொல்லு."

"கயிறு பன்னெண்டு அடி. கம்பத்துல இருந்து செவுத்துக்கு பன்னெண்டு அடி எட்டற எடம் ஒண்ணு இல்ல, ரெண்டு கீது. இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு. நம்ம எடம் அந்தக் கோடியில முடியுது. தானியேலு இந்தக் கோடியில முடிச்சிட்டாரு."

தானியேலும் தலையை ஆட்டினார். "நானும் பட்டறையில தரையில கோடு போட்டு, கயிறு புடிச்சித்தான் சார் அடையாளம் பண்ணேன். கயிறு மொதல்ல எங்க தொட்டுச்சோ அங்க வெட்டிட்டேன்."

சுவரைப் பார்த்தால் எனக்கே புரிந்தது. கூர்மூலையிலிருந்து பாதி வரைக்கும் விளம்பரங்கள் புத்தம் புதுசாக ஒட்டியிருந்தன. கூரை முனை தொங்குகிற இடத்திலிருந்து சந்துக் கடைசி வரை ஒரு காகிதமும் மிச்சமில்லை. தானியேலின் கூரை எங்கே முடிந்ததோ, சரியாக அங்கே சுல்தானின் சாப்பாடு ஆரம்பித்திருந்தது. ஒன்பதாம் வகுப்பு வாத்தியார் சொல்ல மறந்ததை ஒரு கிடா பல மாதமாகச் சுவரில் எழுதிப் போட்டிருக்கிறது, நாங்கள்தான் படிக்கவில்லை.

"ரெண்டு பக்கமும் கோணமும் தெரிஞ்சா போதும்னு சொன்னியே?"

"கோணம் அந்த ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல கீற கோணமா இருக்கணும்" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி. "கம்பத்து மூலைய அளந்திருந்தா ஒரே முக்கோணம்தான் வந்திருக்கும். பசங்களுக்கு நான் வருஷா வருஷம் அடிச்சி அடிச்சி சொல்றது."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அவர் அவமானப்பட்டு நான் பார்த்தது அன்றுதான். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கட்டிலுக்கு அடியில் கிடக்கிற பலகையை நினைத்ததும் பாவம் எல்லாம் பறந்துவிட்டது.

"இப்ப இன்னா பண்ணலாம், அதச் சொல்லு."

கண்ணைத் திறந்தார். இடைவெளியைப் பார்த்தார். கணக்கு என்று வந்துவிட்டால் அவமானம் மறந்துவிடும் மனுஷர் அவர்.

"மிச்சம் கீறதும் ஒரு முக்கோணம்தான். இந்தப் பக்கம் கூரை விளிம்பு பன்னெண்டு அடி, அந்தப் பக்கம் சந்து பன்னெண்டு அடி. ரெண்டும் சமம். அடியில கீற மூணாவது பக்கம் தெரிஞ்சா போதும். ஒரு தார்ப்பாய அந்த அளவுக்கு மடிச்சிக் கட்டிடலாம். மூணு பக்கமும் தெரிஞ்சிட்டா தப்பே வராது."

"மூணாவது பக்கம் எங்க கீது?"

அவர் மோவாயால் சுவரைக் காட்டினார். ஆடு மேய்ந்த சுவர்தான் மூன்றாவது பக்கம். அதை அளக்க வேண்டும், அதில் ஆணி அடிக்க வேண்டும், அந்தர முனையையும் அதன் மேலேதான் உட்கார வைக்க வேண்டும். அவ்வளவு பெரிய தார்ப்பாய் பஜாரில் யாரிடம் உண்டு என்றால், கருவாட்டு மூட்டை மூடுகிற அப்துல் வஹாபிடம்தான் உண்டு.

நான் சமோசாத் தட்டை மேசையில் வைத்துவிட்டு, சந்து வழியாக ஓடி, பின்பக்க மதிலில் நின்று கூப்பிட்டேன். ஜுவைரியா லாத்தா எட்டிப் பார்த்தாள். மூச்சு வாங்க நடந்ததைச் சொன்னேன்.

"லாத்தா, எனக்கு அந்தக் கடை வேணும். எனக்கு வேற எதுவும் வேணாம். அவங்ககிட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

"சொல்றேன். ஆனா அந்த மனுசன் ஐஸ் பெட்டிக்காக நிக்கல சாயிரா. ராத்திரி தூக்கத்துல கூட எண்பத்தேழு எண்பத்தேழுன்னு பொலம்பறாரு. உன் ஊட்டுக்காரரு நாலு பேரு முன்னால சொன்னத, நாலு பேரு முன்னால திருப்பி வாங்கணும். அது போதும் அவருக்கு."

அவள் முக்காட்டை இழுத்துக்கொண்டு கிடங்குக்குப் போனாள். நான் திரும்பி வந்து என் வீட்டுக்காரர் காதில் சொன்னேன்.

"முடியாது" என்றார் தூணாக நின்றபடியே. "எண்பத்தேழு எப்பவும் எண்பத்தேழுதான். பொய் சொல்லச் சொல்றியா? நாளைக்கு நோன்பு வேற."

"அது உண்மையா பொய்யான்னு நான் கேக்கல. உனக்கு மூணு டிகிரி பெருசா, நான் பெருசா?"

இதற்கு உடனே பதில் சொல்லாத கணவனை என்ன செய்வது? யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரை விட்டுப் போய்விடலாம் என்று எனக்குத் தோன்றிய இரண்டாவது தருணம் அதுதான். முதலாவது, என் வாப்பாவின் மீசை இரண்டு பக்கமும் சமமாக இல்லை என்று அவர் சொன்னபோது.

நல்லவேளையாக, யோசனையை முடித்து வைக்க சுல்தான் வந்தது. கூரைக்குக் கீழே அசையாமல் மாட்டிக்கொண்டு நிற்கிற ரஷீதை அது இதுவரை ஏன் விட்டு வைத்தது என்று தெரியவில்லை. சர்க்கஸ் யானை தீர்ந்ததும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். தலையைத் தாழ்த்தி, நாலு எட்டு பின்னால் போய், ஓடி வந்து முழங்காலுக்குக் கீழே ஒன்று வைத்தது. கூரை ஒரு ஆட்டம் ஆடியது. "சொல்றேன், சொல்றேன்" என்று அவர் சொன்னது கிடாவுக்கா எனக்கா என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

ஜுவைரியா லாத்தா மூத்தவரைக் கூட்டி வந்து நிறுத்தினாள். பஜாரே கூடிவிட்டது. அஃப்தாப் பாய் குடையை மடக்கிக்கொண்டு பக்கத்தில் வந்தார். தானியேல் மூங்கிலைத் தன் தோளுக்கு வாங்கிக்கொண்டார். என் வீட்டுக்காரர் கிடங்குச் சுவரின் எதிரே போய் நின்றார். ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை கண்ணை ஓட்டினார். ஒரு நூலை வாங்கிச் சுவரோடு பிடித்துப் பார்த்தார்.

"அண்ணே" என்றார். அந்த வார்த்தையை நாங்கள் கேட்டே வெகு நாளாயிற்று. "நூலு புடிச்சிப் பாத்துட்டேன். செவுரு நேரா கீது. இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரு நெளிவு கெடையாது. இந்த செவுத்துல ஒரு கொறையும் இல்ல."

அப்துல் வஹாபின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கண் ஈரமாகிவிட்டது. கட்டியிருந்த கை தானாக அவிழ்ந்தது. கூட்டத்தில் யாரோ அல்ஹம்துலில்லாஹ் என்றார்கள். எனக்கும் உள்ளே ஏதோ கரைந்தது. ஆனால் என் வீட்டுக்காரர் இன்னும் வாயை மூடவில்லை என்பதைக் கவனித்தேன். உதடு அசைந்தது. அண்ணனைப் பார்த்து ஒரு விரலை உயர்த்தினார்.

"ஆனா பின்னாடி செவுத்தோட சேர்ற மூலை மட்டும்"

மேசையில் இருந்த தட்டிலிருந்து ஒரு சமோசாவை எடுத்து அவர் வாயில் முழுசாக அடைத்தேன். காரம் தூக்கலான சமோசா. மிச்ச வாக்கியம் மசாலாவோடு உள்ளே போய்விட்டது. கண்ணில் நீர் வழிய அவர் மென்றதைப் பார்த்து, தம்பியும் உணர்ச்சிவசப்பட்டு அழுகிறான் என்று மூத்தவர் நினைத்துக்கொண்டு வந்து கட்டிப் பிடித்துக்கொண்டார்.

அதற்கு அப்புறம் வேலை வேகமாக நடந்தது. மூத்தவரே டேப்பின் ஒரு முனையைப் பிடித்தார், என் வீட்டுக்காரர் மறு முனையைப் பிடித்தார். சுல்தான் மேய்ந்த இடத்தின் நீளம் பதின்மூன்று அடியும் மூன்று அங்குலமும். தார்ப்பாயைத் தெருவில் விரித்து, மூன்று பக்கத்துக்கும் மடித்து, கயிறு கோத்துத் தூக்கிக் கட்டினார்கள். கூரையின் முனை சுவரில் அடித்த இரும்புக் கொக்கியில் உட்கார்ந்தது. ஒரு விரல் போகிற இடைவெளிகூட இல்லை. அஃப்தாப் பாய் குடையை விரித்துப் பிடித்து, மடக்கி, மறுபடி விரித்து, எங்கேயாவது வானம் தெரிகிறதா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தெரியவில்லை.

"எடம் சாயிராவுக்கு" என்றார். அவர் சொல்லி முடிக்கும்போது பள்ளியில் பாங்கு ஆரம்பித்தது.

மேகத்தில் பிறை தெரியவில்லை. சென்னையிலிருந்து போன் வந்து, நாளை நோன்பு என்று உறுதியானது. நான் வீட்டுக்கு ஓடி, கட்டிலுக்கு அடியிலிருந்து பலகையை எடுத்து வந்தேன். தானியேல் ஊருக்குத் திரும்புவதற்கு முன்னால் அதைக் கூரையின் முன்பக்கம் மாட்டிக் கொடுத்தார். தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று படித்துப் பார்த்தேன். சாயிரா சமோசா. எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளை மாதிரி மறுபடி மறுபடி படித்தேன். அழுகையை அடக்கவும் இல்லை, அடக்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

மறுநாள் முதல் நோன்பு. அசருக்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் தடதடவென்று ஒரு சத்தம், தார்ப்பாயில் பொதபொதவென்று இன்னொரு சத்தம். ஒரு கஞ்சித் தூக்கிலும் ஒரு சொட்டு விழவில்லை. தகரத்துக்குக் கீழே என் சமோசா, தார்ப்பாய்க்குக் கீழே ஜுவைரியா லாத்தாவின் கறி அடை. கம்பத்தடியில் சுல்தான் நனையாமல் படுத்துக்கொண்டு, என் வீட்டுக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தது.

நோன்பு திறந்து, தொழுதுவிட்டு, கூட்டம் மறுபடி கடைக்கு வந்தது. மூத்தவர் தன் சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் அதைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"கணக்கு வாத்தியாரே நூலு புடிச்சிப் பாத்து சொன்ன செவுரு. ஒரு கொறையும் கெடையாது. நீங்களே கேட்டுக்கங்க, இன்னா ரஷீது?"

பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார். எண்ணெயிலிருந்து அப்போதுதான் எடுத்த சமோசாக்களில் பெரியதாக ஒன்றைப் பொறுக்கி, நான் கையில் தயாராக வைத்துக்கொண்டேன்.